முன் பக்கம் தாழ்ந்த மொரிஸ் மைனர்: கறள் பிடித்த காரில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மொரிஸ் மைனரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அண்ணா, டோர்ஷன் பாரை ஒரு பல் ஏத்தி விட்டால் சரிதானே?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டோர்ஷன் பார் என்பது முன் சில்லின் பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி; அதன் முனையில் உள்ள பற்களில் ஒரு பல் தள்ளிப் பூட்டினால் கார் உயரும், அது உண்மைதான். ஆனால் அது ஏன் தாழ்ந்தது என்று தெரியாமல் ஏற்றினால், ஏற்கெனவே கறள் தின்று மெலிந்த இரும்பின் மேல் இன்னும் கொஞ்சம் பாரத்தை ஏற்றி விடுகிறீர்கள். நானும் முதல் காரில் இதையே செய்தேன். ஒரு மாரி முடிவதற்குள் அதே பக்கம் மறுபடி இறங்கியது, அப்போது கீழே படுத்துப் பார்த்தால் பார் மாட்டியிருந்த பெட்டியின் முனை வாய் பிளந்திருந்தது.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் இரும்பு, அடுத்தது தேயும் பாகங்கள், கடைசியில்தான் உயரம். கீழே உள்ளது எல்லாம் மைனருக்கு எழுதியது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போல முன்னால் கொயில் ஸ்பிரிங் உள்ள கார் வைத்திருப்பவர்களும் அளப்பது, தட்டிப் பார்ப்பது, முன் சில்லைத் திருப்பும் கிங்பின் பார்ப்பது வரை அப்படியே பின்பற்றலாம்; பாரைத் தொடும் பகுதி மட்டும் அவர்களுக்குப் பொருந்தாது.

ஒரு விடயத்தை மனதில் பதித்துக்கொண்டு தொடங்குங்கள். மைனரின் முன் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங், சில்லுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. சில்லைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் உள்முனையில் தொடங்கும் ஒரு நீண்ட உருக்குக் கம்பி காரின் நீளவாக்கில் பின்னுக்குப் போய், முன் சீட்டுகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் க்ரோஸ்மெம்பர் என்ற இரும்புப் பெட்டியில் ஒரு லீவரால் பூட்டப்பட்டிருக்கிறது. அதுதான் டோர்ஷன் பார். சில்லு மேலே ஏறும்போது அந்தக் கம்பி முறுகுகிறது. அதாவது முன் சில்லின் உயரத்தைப் பிடித்து வைத்திருக்கும் இடம், நீங்கள் உட்காரும் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கே இரும்பு விட்டுக்கொடுத்தால் முன்னால் மட்கார்ட் இறங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் மட்கார்ட்டுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டே இருப்பார்கள், நோய் அங்கே இருக்காது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல ஜக் இரண்டு, ஜக் ஸ்டாண்ட் இரண்டு, சில்லுக்கு முட்டுக்கொடுக்க மரக்கட்டைகள், மெல்லிய சுத்தியல், கூர்மையான ஸ்க்ரூட்ரைவர், டோர்ச், அளவு நாடா, சோக் கட்டி, கட்டுக்கம்பி, கிரீஸ் கன், பெயின்ட் தொட்டு அடையாளம் போட ஒரு சின்னத் தூரிகை. ஸ்பனர்கள் இஞ்சி அளவில் வேண்டும். மி.மீ. ஸ்பனரை வைத்துச் சமாளிக்கப் போய் நட்டின் மூலையை உருட்டியவர்கள் அதிகம், கறள் பிடித்த நட்டுக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைக்காது.

இரண்டு ஜக் ஏன்? ஒன்று காரைத் தூக்க, மற்றது கீழ் ஆர்மை ஏந்திப் பிடிக்க. இரண்டாவதற்குப் பதிலாகக் கல்லோ கட்டையோ வைத்தால் பாரின் இறுக்கத்தை மெதுவாக விடுவிக்க வழியே இல்லை.

வேலைக்குக் குறைந்தது நான்கு நாள் முந்தியே எல்லா நட், போல்ட்டிலும் கறள் இளக்கும் எண்ணெய் விடத் தொடங்குங்கள், காலையும் மாலையும். அதோடு தாழ்ந்த பக்கத்தில் உள்ள ரப்பர் எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்றும் அப்படியே பார்த்து வையுங்கள். ரப்பர் புஷ், கிங்பின் மரையில் ஏறும் ட்ரனியன் மாதிரிச் சாமான்கள் இங்கே உடனே கிடைக்காது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்துத்தான் பலர் எடுப்பிக்கிறோம். காரைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாமானுக்குக் காத்திருந்தால், திறந்து கிடக்கும் இரும்பில் எங்கள் திருகோணமலைக் கடற்காற்று இரண்டே நாளில் செம்மண் பூசிவிடும்.

2. தரையைப் பாருங்கள், காரை இருக்க விடுங்கள், அப்புறம் அளவுங்கள்

முதல் தவறு தரையில்தான் நடக்கிறது. உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் பல வீட்டு முற்றம் வெறும் மணல். அங்கே நிற்கும் காரை அளந்து 2 செ.மீ. சாய்வு என்று சொல்வதில் பொருள் இல்லை, ஜக்கும் மணலுக்குள் இறங்கும். சீமெந்துத் தரை தேடுங்கள். அந்தத் தரையையும் நம்ப வேண்டாம். மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, நான்கு சில்லும் நிற்கும் இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த இடத்தில் தட்டைப் பலகை வைத்துச் சமன் செய்யுங்கள்.

அடுத்து நான்கு டயரிலும் காற்று. முன் இரண்டிலும் ஒரே அளவு, பின் இரண்டிலும் ஒரே அளவு. டயர்கள் ஒரே அளவுதானா என்று பக்கத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஒரு பக்கம் ஒரு அளவு, மறு பக்கம் வேறொரு அளவு போட்டுக்கொண்டு சஸ்பென்ஷனைக் குறை சொன்ன காரை நான் பார்த்திருக்கிறேன். டிக்கியில் உள்ள பாரங்களையும் இறக்குங்கள்.

ஜக்கில் இருந்து இறக்கிய காரை உடனே அளக்காதீர்கள். தூக்கியபோது சில்லுகள் உள்ளே இழுபட்டிருக்கும், டயர் தரையைப் பிடித்துக்கொண்டு காரைச் சரியாக இருக்க விடாது. பத்துப் பன்னிரண்டு அடி முன்னும் பின்னும் தள்ளுங்கள், பம்பரை மூன்று நான்கு தரம் அழுத்தி விடுங்கள், அப்புறம்தான் நாடாவை எடுக்க வேண்டும்.

எதை அளப்பது? எல்லோரும் தரையில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளப்பார்கள். அதில் டயரும் சேர்ந்துவிடும். சில்லின் நடுவில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்தால் டயர் கழிந்துவிடும், அது கொஞ்சம் மேல். ஆனால் இந்த வயதுக் காரில் மட்கார்ட் எத்தனை தரம் கழற்றிப் பூட்டப்பட்டதோ, டிங்கரிங் செய்தவர் எவ்வளவு பட்டி வைத்தாரோ, யாருக்குத் தெரியும்? அதனால் கீழே குனிந்து இன்னும் இரண்டு அளவு எடுங்கள். கீழ் ஆர்ம் செசியோடு சேரும் உள்முனைப் போல்ட்டின் நடுவில் இருந்து தரைக்கு ஒன்று, அதே ஆர்மின் வெளிமுனையில் இருந்து தரைக்கு மற்றது. இரண்டு பக்கமும் எடுத்து எழுதுங்கள். மட்கார்ட் அளவு வித்தியாசமாக இருந்தும் இந்த அளவுகள் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால், உங்கள் சஸ்பென்ஷன் தாழவில்லை, மட்கார்ட்தான் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது.

3. குறை முன்னாலா பின்னாலா?

ஒரு பின் ஸ்பிரிங் தளர்ந்தால் அதற்குக் குறுக்கே எதிர் மூலை உயர்ந்தும், அதே பக்கத்து முன் மூலை தாழ்ந்தும் தெரியும். கார் நான்கு காலில் நிற்கும் மேசை மாதிரி, ஒரு காலைக் குறைத்தால் மற்ற மூன்றும் மாறும்.

இதைப் பிரித்தறிய ஒரு எளிய சோதனை. முன் சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, பின் அச்சில் உள்ள டிப் (டிஃபரன்ஷியல்) பெட்டியின் சரி நடுவில் மரத்துண்டு வைத்து ஜக்கால் தூக்குங்கள், பின் சில்லுகள் தரையை விட்டால் போதும், ஒரு விரல் உயரம். இப்போது பின் அச்சு அந்த ஒற்றைப் புள்ளியில் தராசு மாதிரிச் சாய முடியும், ஆகவே பின் ஸ்பிரிங்கால் காரைச் சாய்க்க முடியாது. முன் அளவுகளை மறுபடி எடுங்கள். சாய்வு மறைந்துவிட்டால் குறை பின் ஸ்பிரிங்கில், அங்கே போய் வேலை செய்யுங்கள், முன்னால் கை வைக்க வேண்டாம். சாய்வு அப்படியே நின்றால் குறை முன்னால்தான். கார் இப்படி நிற்கும்போது அது அசையும். அதனால் யாரும் கீழே போகக் கூடாது. பக்கத்தில் நின்று அளந்துவிட்டு உடனே இறக்குங்கள்.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "சொக் போயிட்டுது, மாத்தினால் உயரும்" என்ற பேச்சு எல்லா கராஜிலும் கேட்கும். மைனரின் முன் சொக், மேலே கை நீட்டிய எண்ணெய்ப் பெட்டி, மேல் ஆர்மும் அதுவேதான். ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை, காரைத் தாங்குவது அல்ல. எண்ணெய் குறைந்திருந்தால் கார் தொட்டில் மாதிரி ஆடும், ஆனால் தாழாது. எண்ணெய் விட்டுப் பாருங்கள், ஒழுகினால் திருத்துங்கள், ஆனால் உயரத்துக்காக அதில் காசு போடாதீர்கள்.

4. இரும்பைத் தட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

திருகோணமலையில் கறள் மழையால் மட்டும் வருவதில்லை. வாடைக்காற்று கடலில் இருந்து நேரே வீசும் மாதங்களில், டொக்யார்ட் வீதி, உட்துறைமுக வீதிப் பக்கம் இரவு முழுக்க நிற்கும் காரின் கண்ணாடியில் காலையில் விரல் வைத்து நக்கினால் உப்புத் தெரியும். அதே உப்பு கீழே க்ரோஸ்மெம்பரின் பெட்டிக்குள்ளும் போகிறது. மேலே பட்டதை மழை கழுவிவிடும், பெட்டிக்குள் போனதை எதுவும் கழுவாது, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். அதனால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும் இரும்பைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். காரோடு வந்த ஜக்கைச் செருகும் பக்கத்துத் துளைகளைப் பயன்படுத்த வேண்டாம், அவை இருப்பதும் கறள் முதலில் வரும் அதே இடத்தில்தான். தட்டிப் பார்த்து உறுதியான இடம் எது என்று தெரிந்த பிறகே அங்கே ஸ்டாண்ட்.

க்ரோஸ்மெம்பரின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கிச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். சத்தம் 'டப்' என்று செத்துப்போகும் இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரூட்ரைவரால் தாரைச் சுரண்டுங்கள். என் காரில் தார்ப்பூச்சு வழுவழுப்பாக, நேற்று அடித்தது மாதிரி இருந்தது. ஸ்க்ரூட்ரைவர் நுனியை அழுத்தினேன், தோல் மாதிரி அது விலகியது, உள்ளே ஈரமான கபில நிறத்தில் அப்பளத் துண்டுகள் அடுக்கியது போல ஏடு ஏடாக உதிர்ந்து முகத்தில் கொட்டியது, நுனி மூன்று விரல் அளவு உள்ளே போய்விட்டது. முன்பு யாரோ கறளைச் சுரண்டாமலே அதன் மேல் தகடு வைத்து ஒட்டி, மேலே தாரும் அடித்திருந்தார்கள். அந்தத் தகட்டுக்கும் உள்ளிரும்புக்கும் இடையில் பிடிப்பு எதுவும் இல்லை. கண்ணாடி போடாமல் இந்த வேலை செய்யாதீர்கள், அன்று நான் போட்டிருந்தேன்.

பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: லீவர் போல்ட் போகும் துளை வட்டமாக இருக்கிறதா, நீண்டு முட்டை வடிவாகிவிட்டதா, க்ரோஸ்மெம்பர் செசியோடும் தரைத் தகட்டோடும் சேரும் ஒட்டு, கீழ் ஆர்மின் உள்போல்ட் பிடித்திருக்கும் செசிப் பகுதி, கீழ் ஆர்மை முன்னிருந்து பிடிக்கும் டை பார் என்ற கம்பியின் போல்ட் போகும் இடம், சொக் பூட்டிய தளம். லீவர் துளை சிறிது நீண்டாலும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் கணக்கு அப்படி: லீவரின் நீளம் ஆர்மின் நீளத்தில் பாதி என்றால், லீவர் முனையில் 5 மி.மீ. விட்டுக்கொடுத்தது சில்லுப் பக்கத்தில் 10 மி.மீ. தாழ்வாக வந்து நிற்கும். உங்கள் காரில் இரண்டையும் அளந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் காரைத் தரையில் இறக்கி, உள்ளே சீட்டைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்குங்கள். ஒருவரை முன் மட்கார்ட்டை அழுத்தி விடச் சொல்லிவிட்டு நீங்கள் சீட்டு இருந்த தரையில் உள்ளங்கையை வைத்திருங்கள். தரை மூச்சு விடுகிற மாதிரி அசைந்தாலோ, ஒட்டு ஓரத்தில் பெயின்ட் வெடிப்பு திறந்து மூடினாலோ உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போக வேண்டாம், ஏற்றிக்கொண்டு போங்கள்.

5. கிங்பின், ட்ரனியன், புஷ்

இரும்பு நல்லது என்று தெரிந்தால் அடுத்தது இது. நல்லதில்லை என்றாலும் இதையும் பார்த்து வையுங்கள், எப்படியும் கழற்றத்தானே போகிறோம்.

மைனரின் முன் சில்லைத் திருப்பும் கிங்பின்னின் மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும், அதில் ட்ரனியன் என்ற நட்டு மாதிரிப் பாகம் ஏறியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது மரை மரைக்குள் சுழலும். கிரீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும், சில்லு மடிந்து கார் மூக்குக் குத்தும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுதாக வளைத்து மெதுவாகத் திருப்பும்போதுதான் இது நடக்கும். தாழ்வுக்கு இது நேரடிக் காரணமாக இல்லாவிட்டாலும், தேய்ந்த ட்ரனியனை வைத்துக்கொண்டு உயரம் சரிசெய்யக் கூடாது.

சோதிக்க, ஜக்கைக் கீழ் ஆர்முக்குக் கீழேயே வைத்துச் சில்லைத் தூக்குங்கள், அப்போதுதான் பாரின் அழுத்தம் ட்ரனியனில் இருந்து விலகி ஆட்டம் வெளியே தெரியும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக் மிதிப்பது எதற்கென்றால், சில்லு பெயாரிங்கின் ஆட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க. அடுத்து டயருக்குக் கீழே கடப்பாரையை வைத்து மெதுவாக நெம்புங்கள், ட்ரனியன் மரையில் சில்லு குதித்தால் மாற்ற வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு பாகம், சாமான் வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

உள்முனைப் போல்ட்டின் ரப்பர் புஷ் நசிந்திருந்தால் ஆர்ம் நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். டை பார் ரப்பரும் அப்படித்தான், பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று கேட்கும். கறளுக்கு மருந்து என்று பழைய எஞ்சின் ஒயிலைக் கீழெல்லாம் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது இந்த ரப்பரை ஊறவைத்துக் களி ஆக்கிவிடும். அடிப்பதானால் ரப்பரைத் துணியால் மூடிவிட்டு அடியுங்கள்.

6. பாரின் இறுக்கத்தை விடுவிப்பது

ஒட்டு வேலை செய்யப் போனாலும் சரி, புஷ் மாற்றப் போனாலும் சரி, உயரம் மாற்றப் போனாலும் சரி, இந்தப் படி கட்டாயம். சில்லுத் தரையை விட்டுத் தொங்கினால் பார் தளர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்தான தவறு. தளர்ந்திருக்காது. சொக்கின் கை ரப்பரில் முட்டி நிற்பதால்தான் ஆர்ம் மேலும் கீழே போகாமல் நிற்கிறது; பாருக்குள் இன்னும் நிறைய முறுக்கு இருக்கிறது. அந்த நிலையில் பின்னால் லீவர் போல்ட்டைக் கழற்றினால் லீவர் சுழன்று அடிக்கும், அங்கே கை இருந்தால் எலும்பு மிஞ்சாது.

பின் சில்லுக்கு முட்டு, முன்னால் ஸ்டாண்ட், சில்லைக் கழற்றுங்கள். இரண்டாவது ஜக்கைக் கீழ் ஆர்மின் பின் பாதியில், மரத்துண்டு வைத்து, வெளிமுனைக்குக் கிட்டவாக வைத்துச் சொக்கின் கை ரப்பரை விட்டு எழும்பும் அளவுக்குத் தூக்குங்கள். இப்போது பாரம் முழுக்க ஜக்கில். டை பாரை விடுவித்து, ஆர்மின் முன் பாதியைக் கழற்றி, கீழ் ட்ரனியன் பின்னைப் பின் பாதியில் இருந்து வெளியே எடுங்கள். சில்லுத் தொகுதி மேலே சொக்கின் கையில் தொங்கும். அதைக் கட்டுக்கம்பியால் கட்டி ஒதுக்குங்கள், பிரேக் ஹோஸில் இழுவை விழக் கூடாது. ஜக்கின் வழியில் உங்கள் உடம்பு இல்லாமல் பக்கவாட்டில் இருந்துகொண்டு, ஜக்கை மெல்ல மெல்ல இறக்குங்கள். ஆர்ம் கூடவே இறங்கும், ஒரு கட்டத்தில் ஜக் விலகிப் போகும், ஆர்ம் நின்றுவிடும். கையால் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே மாதிரி இலேசாக அசைந்தால் முறுக்கு முற்றாகப் போய்விட்டது.

அப்படித் தொங்கும் ஆர்மின் நுனியில் இருந்து செசியின் ஒரு நிலையான புள்ளிக்கு அளந்து எழுதுங்கள். இந்த எண் பின்னால் தேவைப்படும். பாருக்கும் லீவருக்கும் ஆர்முக்கும் குறுக்கே பெயின்ட் கோடு போடுங்கள். சோக் கோடு எண்ணெய் பட்டால் அழிந்துவிடும், நான் பட்ட பாடு போதும்.

7. கறளை வெட்டி ஒட்டுவது

ஒட்டு வேலையை நீங்கள் செய்யாமல் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். ஆனால் கூடவே நில்லுங்கள், சில விடயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரு பக்கப் பாரின் முறுக்கும் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போதே இரும்பு இழுபட்டு, பெட்டி கோணலாகவே ஒட்டப்படும். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, காரின் பொடியே (உடலே) சட்டம்; செசி என்று நான் சொல்வதும் அந்தப் பொடியோடு ஒட்டிய அடி இரும்பைத்தான். ஆகவே க்ரோஸ்மெம்பரை வெட்டுமுன் முன்னும் பின்னும் பல இடத்தில் முட்டுக்கொடுத்து, கதவு சரியாக மூடுகிறதா, இடைவெளி மேலும் கீழும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே வேலை நடக்க வேண்டும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் அளவு பார்க்க எதுவும் மிஞ்சாது.

கறள் இரும்பில் ஒட்டு பிடிக்காது. வெள்ளி மாதிரி மினுங்கும் இரும்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், இரண்டு இஞ்சி போனாலும் சரி, ஒரு அடி போனாலும் சரி. பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள், கீழே ஓடும் பெற்றோல் குழாயை விலக்குங்கள், மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும். பாரின் மேல் ஈரச் சாக்கு சுற்றுங்கள். சூடு பட்டாலோ வெல்டிங் பொறி தெறித்தாலோ அந்தப் புள்ளியில் பார் பின்னால் முறியலாம்.

ஒட்டி முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு வகைப் பூச்சை அடியுங்கள், தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடுங்கள். வெளியே மட்டும் தார் அடிப்பது மறுபடி அதே கதைதான்.

8. உயரத்தை அமைப்பது

இவ்வளவும் முடிந்து, லீவரைச் சரியான துளையில் பூட்டி, பழைய பல்லிலேயே போட்டுக் காரை இறக்கினால் பல கார்கள் தாமாகவே நேராக நின்றுவிடும். என் கார் அப்படித்தான் நின்றது. அதனால் முதலில் பழைய கோட்டிலேயே பூட்டிப் பாருங்கள்.

அதன் பிறகும் தாழ்வு இருந்தால் பார் களைத்துவிட்டது என்று பொருள். பாரைத் துடைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் குழி இருந்தால் அந்தப் பார் வேண்டாம், முறிவு அந்தக் குழியில்தான் தொடங்கும். இதே காரணத்துக்காகப் பாரைப் பைப் ரெஞ்ச் போட்டுப் பிடிக்கவும் கூடாது, பல்லின் தடம் பதியும். இடது பாரை வலதுக்குப் போடவும் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு முறுகிப் பழகியது, எதிர்த் திசைக்கு முறுக்கினால் தளரும், முறியவும் கூடும்.

எத்தனை பல்? ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடுங்கள். பாரின் முனையில் உள்ள பற்களை எண்ணி 360ஐ அதால் வகுத்தால் ஒரு பல்லுக்கு எத்தனை பாகை என்று வரும். உதாரணமாக 48 பல் என்றால் 7.5 பாகை. ஆர்ம் 25 செ.மீ. நீளம் என்று வைத்தால், ஒரு பல்லுக்கு நுனி ஏறத்தாழ 3.3 செ.மீ. நகரும். 1 செ.மீ. தாழ்வுக்கு ஒரு பல் ஏற்றினால் மறு பக்கத்தை விட 2 செ.மீ.க்கு மேல் உயர்ந்து நிற்கும். லீவரில் நுணுக்கமாக மாற்றும் துளைத் தகடு உள்ள கார் என்றால், சின்ன வித்தியாசத்தை அந்தத் துளையில் சரிசெய்யுங்கள், பல்லைத் தொட வேண்டாம்.

எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்புபவர்கள் முறுக்கு இல்லாமல் தொங்கிய ஆர்மின் அளவை நினைத்துக்கொண்டால் போதும். கார் 2 செ.மீ. உயர வேண்டுமானால், பாரம் இல்லாமல் தொங்கும் ஆர்ம் முன்பை விட ஏறத்தாழ 2 செ.மீ. கூடுதலாகக் கீழே தொங்க வேண்டும். லீவரை எப்படிப் போட்டாலும் இந்த எண் வந்தால் சரி. காரைக் கூட்டிப் பூட்டி இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றும் வேலை இதனால் மிச்சம்.

ரோட்டு வேகத்தடை இடிக்கிறது என்று சொல்லி அளவுக்கு மேல் உயர்த்துவது வேண்டாம். அப்போது சொக்கின் கை எப்போதும் ரப்பருக்குக் கிட்டவே நிற்கும், சின்னப் பள்ளத்திலும் 'டங்' என்று அடிக்கும், சில்லின் சாய்வும் கெட்டுவிடும்.

9. இறுக்குவது, ஓட்டுவது, மறுபடி அளப்பது

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சில்லு தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். காரைச் சில்லில் நிறுத்தி, முன்னும் பின்னும் தள்ளி, அது தன் உயரத்தில் இருக்கும்போது இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் கார் இறங்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். ஸ்ப்ளிட் பின் எல்லாம் புதியது போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம்.

கிரீஸ் அடிப்பது சில்லுத் தரையை விட்டு எழுந்து இருக்கும்போது. பாரம் இருந்தால் மரையின் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு கிரீஸை உள்ளே விடாது. பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வந்து, புதியது வரும் வரை அடியுங்கள். நிப்பிளில் அடைப்பு இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். நான் 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை அடிக்கிறேன், மாரி காலத்தில் மாதம் ஒருமுறை.

முதல் ஓட்டத்துக்குத் தூரம் போக வேண்டாம். நான் உவர்மலை ஏற்றத்தில் ஏறி இறங்கி, பிறகு நிலாவெளி வீதியில் மெதுவாகப் போய் வருவேன், எல்லாம் சேர்த்து ஒரு 20 கிலோமீற்றர். திரும்பி வந்ததும் அதே தரையில், அதே இடத்தில் நிறுத்தி அளவுங்கள். 5 மி.மீ.க்குள் இறங்கியிருந்தால் அது பாகங்கள் உட்கார்ந்தது, கவலை இல்லை. அதை விட அதிகம் என்றால் லீவர் போல்ட்டையும் ஒட்டையும் மறுபடி பாருங்கள்.

உயரம் மாறினால் சில்லுகளின் நேர்ப்பாடும் மாறும், ஆகவே அலைன்மென்ட் கடைசியில். முந்திச் செய்தால் காசு வீண். மைனருக்கு முன் சில்லுகள் முன்பக்கம் 2.4 மி.மீ. உள்நோக்கி இருக்க வேண்டும், கணினி வைத்து அலைன்மென்ட் செய்யும் பல இடங்களில் இந்தக் காரின் பெயரே பட்டியலில் இருக்காது, அதனால் இந்த எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள். ஹெட்லைட்டையும் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள், மூக்கு உயர்ந்த கார் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும்.

எடுத்த அளவுகளை எல்லாம் திகதியோடு எழுதி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வையுங்கள். 1,000 கிலோமீற்றரில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு மாரி முடிவிலும் தை மாதத்தில் ஒருமுறை அதே இடத்தில் நிறுத்தி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் 1 செ.மீ. இறங்கியிருப்பதைக் கண்டால் லீவரை நினைக்காமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு நேரே நாலாவது பகுதிக்குப் போங்கள்.